ஒன்றரை வயதுக் குழந்தை மற்ற பிள்ளைகளோடு விளையாடும்போது: கூட உட்காருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தையை முதல் தடவையாகப் பூங்காவுக்கோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்கோ, சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடமோ கூட்டிப்போகிற அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது.

போனவுடன் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "போ, அண்ணாகூட விளையாடு." குழந்தை போகாது. உங்கள் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே போனாலும் அண்ணாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் பாட்டுக்கு மண்ணைக் கிளறும். "இவன் யாரோடும் சேரமாட்டேங்கிறானே" என்ற கவலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தக் கவலை தேவையில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்ப்பதுதான் இந்த வயதுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் விதம். பெரியவர்களுக்கு அங்கே இருக்கும் முக்கியமான வேலை பார்ப்பது. எதைப் பார்ப்பது, எப்போது கையை நீட்டுவது, எப்போது சும்மா இருப்பது என்று தெரிந்தால் போதும்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் பார்டன் என்ற ஆய்வாளர், மழலையர் பள்ளிப் பிள்ளைகள் தாங்களாக விளையாடும்போது கூர்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். 1932-இல் வெளியான அவருடைய கட்டுரையில் இருக்கும் வகைகளைத்தான் இன்றும் குழந்தை மருத்துவர்களும் ஆசிரியர்களும் பயன்படுத்துகிறார்கள். எதிலும் ஈடுபடாமல் சும்மா இருப்பது, தனியாக விளையாடுவது, மற்றவர்கள் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி சாமானை வைத்துத் தனியே விளையாடுவது, ஒன்றாகக் கலந்தும் திட்டமில்லாமல் விளையாடுவது, கடைசியாக ஆளுக்கொரு பொறுப்பு எடுத்துக்கொண்டு சேர்ந்து விளையாடுவது என்று ஆறு.

சொப்புச் சாமானை வைத்து "நீ கடைக்காரர், நான் வாங்க வந்தவ" என்று ஆடுவதும், கூட்டாஞ்சோறு ஆக்குவதும் ஆறாவது வகை. ஏறக்குறைய நான்கு வயதில் அது நன்றாகக் கூடிவரும். ஒன்றரை வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்த்தால் நாமும் ஏமாறுவோம், குழந்தையையும் படுத்துவோம்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பெற்றோருக்காக வெளியிட்டிருக்கும் வளர்ச்சிப் பட்டியலில் 15 மாதத்தில் மற்றப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்யும் என்றும், 30 மாதத்தில் பக்கத்தில் விளையாடும், சில நேரம் சேர்ந்தும் விளையாடும் என்றும், மூன்று வயதில் மற்றவர்களைக் கவனித்துத் தானே போய்ச் சேர்ந்துகொள்ளும் என்றும் இருக்கிறது. இரண்டரை வயதில்கூட "சில நேரம்" என்றுதான் போட்டிருக்கிறார்கள். உங்கள் மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ "எங்க புள்ள இந்த வயசுல எல்லாரோடயும் ஒட்டிக்குவான்" என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்டன் சொன்ன ஆறு வகைகளையும் ஒவ்வொரு படியாக ஏறி முடிக்க வேண்டும் என்றும் இல்லை. நான்கு வயதுப் பிள்ளை ஒரே மாலையில் வேடிக்கை பார்க்கும், தனியாக விளையாடும், கூட்டத்தில் கலக்கும். பேக்மேன், பிரவுன்லீ என்ற இருவர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றைக் கண்டார்கள்: மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு குழுவில் சேர்வதற்கு முன்னால் பல தடவை அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தனியாக விளையாடுகிறார்கள். பக்கத்தில் உட்காருவதே உள்ளே நுழையும் வழி. அதனால் "ஏன் தனியா உட்கார்ந்திருக்க, போய் சேர்ந்துக்கோ" என்று தூக்கி நடுவில் விட்டுவிட்டால், அது தானாக எடுத்துக்கொண்டிருந்த வழியை நாம் அடைத்துவிடுகிறோம்.

கிளம்பும் முன்

தூங்கி எழுந்து, வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். மற்ற எல்லா ஏற்பாட்டையும் விட இதுதான் முக்கியம். தூக்கம் கெட்ட பிள்ளை எந்த விளையாட்டிலும் பத்து நிமிடத்தில் அழுதுவிடும். நம் ஊர் வெயிலுக்குக் காலை எட்டரைக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் சரியாக இருக்கும். இரும்புச் சறுக்குமரம் நான்கு மணிக்கும் கொதிக்கும். குழந்தையை ஏற்றும் முன் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

ஆரம்பத்தில் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள் போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே எழுந்து வருவது நல்லது, அழுது முடிந்தபிறகு இல்லை.

உங்கள் வீட்டில் வைத்து விளையாட விடுகிறீர்கள் என்றால், குழந்தைக்கு உயிரான பொம்மையை முதலிலேயே பீரோவில் வைத்துவிடுங்கள். வெளியே இருப்பவை எல்லாம் யார் தொட்டாலும் பரவாயில்லாத சாமான்களாக இருக்கட்டும். ஒரே மாதிரி இரண்டிரண்டாக இருந்தால் பாதிச் சண்டை வராது: இரண்டு டம்ளர், இரண்டு கரண்டி, இரண்டு பந்து. கடையில் வாங்கிய பொம்மையைவிட மண், தண்ணீர், எவர்சில்வர் பாத்திரம், காலி அட்டைப்பெட்டி, கொட்டாங்குச்சி இவைதான் இந்த வயதுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. மண்ணுக்கு யாரும் சண்டை போட வேண்டியதில்லை. அள்ள அள்ள இருக்கிறது. நடைவண்டி, மூன்று சக்கர சைக்கிள் மாதிரி ஒன்றே ஒன்று இருக்கும் சாமானை அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள்.

முதல் பத்து நிமிடம்

தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்க்கிற பெரியவரை விட்டுக் குழந்தை நகராது. உட்கார்ந்தால் "இவர் இங்கேதான் இருக்கப் போகிறார்" என்று அதற்குத் தெரிந்துவிடும். உங்கள் மடியில் ஒட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்தால் பார்க்கட்டும். வேடிக்கை பார்ப்பதும் விளையாட்டின் ஒரு வகைதான். "வெட்கப்படுறா பாரு" என்று அதன் காதுபடச் சொல்ல வேண்டாம்.

போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வீடியோ எடுக்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் குழந்தை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் போனின் முதுகு இருக்கக் கூடாது. மற்றவர் பிள்ளையைக் கேட்காமல் படம் எடுப்பதும் சரியில்லை.

குழந்தை இறங்கித் தவழ்ந்தோ நடந்தோ போனதும் பின்னாலேயே போகாதீர்கள். எட்டிப் பிடிக்கும் தூரம் இருந்தால் போதும்.

ஒரு நிமிடம் பார்ப்பது எப்படி

பார்டன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு நிமிடமாகத்தான் பார்த்தார். வீட்டில் நாமும் அதைச் செய்யலாம். ஒரு நிமிடம் எதுவும் பேசாமல், குழந்தையை மட்டும் பாருங்கள். கை என்ன செய்கிறது? கண் எங்கே போகிறது? எப்போது நிற்கிறது? இந்த மூன்று கேள்வி போதும்.

ஒரு வீட்டு முற்றத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இருபது மாதப் பெண் குழந்தையும் இரண்டேகால் வயதுப் பையனும். நடுவே ஒரு முழம் இடைவெளி. பையன் கரண்டியால் கவிழ்த்துவைத்த சட்டியைத் தட்டுகிறான், மூன்று தட்டு, நிறுத்தம். அவள் மண்ணை டம்ளரில் அள்ளிக்கொண்டிருக்கிறாள். அவனைப் பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றும். அவன் நிறுத்தியதும் அவள் கை நிற்கிறது. ஓரக்கண்ணால் கரண்டியை மட்டும் பார்க்கிறாள், அவன் முகத்தை இல்லை. அப்புறம் டம்ளரைக் கவிழ்த்து, மண் கொட்டியது கொட்டியபடி கிடக்க, அதன் அடியை உள்ளங்கையால் தட்டுகிறாள். இப்போது பையனின் கை நிற்கிறது. அவன் மறுபடியும் தட்டுகிறான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவில்லை, நேருக்கு நேர் பார்க்கவும் இல்லை. திண்ணையில் இருந்த பாட்டி, "ரெண்டும் தனித்தனியா உட்கார்ந்திருக்கு, சேர்த்து விடுங்கடி" என்றார். சேர்ந்துதான் இருந்தார்கள்.

இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு எங்கும் கண்ணில் படும். ஒருவன் பெட்டிக்குள் புகுந்தால் கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் வேறு பெட்டியைத் தேடுவான். ஒருத்தி "தண்ணீ" என்றால் தாகமே இல்லாத இன்னொருத்தியும் "தண்ணீ" என்பாள். ஒருவன் விழுந்து அழுதால் மற்றவன் வேலையை விட்டு அவனையே பார்ப்பான், சில சமயம் தன் பிஸ்கட்டை நீட்டுவான். மற்றவர் அழுதால் நின்று கவனிப்பது இரண்டு வயதில் வர வேண்டிய ஒரு முக்கியமான வளர்ச்சி.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது "சூப்பர்! வெரி குட்! கை தட்டு!" என்று நாம் குரல் கொடுத்தால் இரண்டும் நம் பக்கம் திரும்பிவிடும். அதோடு அந்த விளையாட்டு முடிந்தது. பாராட்டைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். குழந்தை உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது ஒரு தலையசைப்பு போதும்.

பிடுங்கும்போது

பிடுங்கத்தான் செய்யும். இரண்டு வயதில் ஒரு சாமான் மீது ஆசை வருவதே இன்னொரு கையில் அதைப் பார்த்தபிறகுதான். உடனே பாயாமல் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பல சமயம் பறிகொடுத்த பிள்ளை வேறொன்றை எடுத்துக்கொண்டு போய்விடும். சண்டையைப் பெரிதாக்குவது பெரியவர்கள்தான்.

அழுகை வந்துவிட்டால் பக்கத்தில் போய், குனிந்து, நடந்ததைச் சொல்லுங்கள். "பந்து அக்காகிட்ட இருந்தது. நீ எடுத்துட்ட. அக்கா அழறா." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிறகு "அக்கா விளையாடி முடிச்சதும் உனக்கு" என்று சொல்லிப் பந்தைத் திருப்பிக் கொடுக்க வையுங்கள், கையில் வேறு ஏதாவது கொடுங்கள். நிஜமாகவே முறை வந்ததும் பந்து கைக்கு வந்துசேர வேண்டும். அப்போதுதான் "அப்புறம்" என்ற சொல்லைக் குழந்தை நம்பும்.

"குடு, நல்ல பிள்ளை இல்ல? பாப்பா பாவம் இல்ல?" என்று உங்கள் குழந்தை கையில் இருப்பதைப் பிடுங்கி இன்னொரு குழந்தையிடம் கொடுப்பது நம் வீடுகளில் நிறைய நடக்கிறது. விருந்தாளி முன்னால் மரியாதையாக நடக்க வேண்டும் என்ற எண்ணம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் குழந்தை கற்பது பகிர்வதை இல்லை. பலம் உள்ளவர் பிடுங்கலாம் என்பதைத்தான். தானே விரும்பிக் கொடுக்கும் பழக்கம் மெதுவாக, மூன்று வயதை ஒட்டியும் அதற்குப் பிறகும்தான் நிலைக்கும். அதுவரை முறை வைத்து விளையாடப் பழக்கினால் போதும்.

கடித்தால், அடித்தால்

இங்கே காத்திருக்கக் கூடாது. உடனே நடுவில் கையை வையுங்கள். முதலில் கடிபட்ட குழந்தையைக் கவனியுங்கள்: சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் குழந்தைதான் கடித்தது என்றால் அந்தத் தாயிடம் முதல் வார்த்தை "மன்னிச்சுக்கங்க" என்பதாக இருக்கட்டும், "இவன் எப்பவும் இப்படி இல்லை" என்பது அப்புறம். பிறகு குழந்தையின் கண்ணைப் பார்த்து, கத்தாமல், "கடிக்கக் கூடாது. வலிக்கும்" என்று மட்டும் சொல்லி மடியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதுப் பிள்ளை கடிப்பது கெட்ட குணத்தால் இல்லை. சொல்ல வார்த்தை இல்லாததால், பல் முளைப்பதால், இடம் நெருக்கடியாக இருப்பதால், களைப்பால். எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது கடிக்கிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கடிக்கும் முன் உடம்பு விறைக்கும், வாய் திறந்து அந்தக் கை அருகே போகும். அந்த நொடியில் உங்கள் கை இடையில் இருந்தால் போதும்.

"நீயும் திருப்பி அடி" என்று சொல்லிக்கொடுப்பதையும், கீழே விழுந்தால் "தரையை அடி, தரைதான் தள்ளிவிட்டுச்சு" என்று சமாதானம் செய்வதையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பாட்டிமார்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் வலித்தால் எதையாவது அடிக்க வேண்டும் என்றுதான் பிள்ளைக்குப் பதியும். "வலிக்குதா? வா" என்று தூக்கிக்கொண்டால் சமாதானமாகிவிடும்.

கண்ணை எடுக்கக் கூடாத சில விஷயங்கள்

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேரும் இடத்தில் பெரிய பிள்ளைகளின் சாமான்தான் சின்னதுகளுக்கு ஆபத்து. பல்லாங்குழியின் புளியங்கொட்டை, சோழி, கோலி, தாயக்கட்டை, ஊதாத பலூன், வெடித்த பலூன் துண்டு. மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் குறுக்களவு சுமார் 3.2 செ.மீ.; அதற்குள் முழுதாகப் போகிற எதையும் அந்த வயதில் கையில் கொடுக்கக் கூடாது என்பது கணக்கு. நம் 10 ரூபாய் நாணயம் 2.7 செ.மீ.தான். வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றையும் ஓடியாடும் நேரத்தில் கொடுக்காதீர்கள். தின்பண்டம் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

தொண்டையில் ஏதாவது சிக்கி, குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இரும முடியாமல், சத்தம் வராமல் திணறினால் குப்புறச் சாய்த்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தடவை தட்டுங்கள், ஒருவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு அடுத்து வயிற்றை அழுத்தும் முறையும் உண்டு. அதையும் சேர்த்துக் குழந்தை மருத்துவரிடம் நேரில் ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அவசரத்தில் படித்துத் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது.

பொம்மை, ரிமோட், விளக்கில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் இருந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

தண்ணீர் விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அகலமான தட்டில் விரற்கடை அளவு ஊற்றிக் கொடுங்கள், வாளியில் வேண்டாம். தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாத வயது. முடிந்தவுடன் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் எழ வேண்டும்.

பேச்சுத் துணைக்கு நாலு அம்மாக்கள் சேர்ந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்து யாருமே பார்க்காமல் போவதுண்டு. "இப்ப நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டும்

தனியாக விளையாடுவதும், கூச்சமும், புது ஆளைப் பார்த்தால் அழுவதும் கவலைப்பட வேண்டியவை இல்லை. நான் பார்க்கச் சொல்வது வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? இது 9 மாதத்திலேயே வந்திருக்க வேண்டும். நாய், விமானம் மாதிரி ஏதாவது பிடித்ததைப் பார்த்தால் உங்களுக்குக் காட்டுவதற்காகவே விரலை நீட்டுகிறதா? இது 18 மாதத்தில். வேண்டியதைக் கேட்டு நீட்டுவது வேறு, "பாரேன்" என்று காட்டுவது வேறு. இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளை செய்வதை எப்போதாவது திருப்பிச் செய்கிறதா? ஏற்கெனவே சொன்ன வார்த்தைகளை விட்டுவிட்டதா?

இவற்றில் ஒன்று சரியாக இல்லை என்று தோன்றினாலும் தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். வார்த்தைகளை இழந்திருந்தால் அடுத்த ஊசி வரை காத்திருக்க வேண்டாம். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெயருக்குத் திரும்பாததற்குக் காரணம் சில சமயம் அதுவாகவே இருக்கும். ஆட்டிசத்துக்கான முதல்கட்டச் சோதனையை 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் டி.இ.ஐ.சி. எனப்படும் மையங்கள் இங்கே மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டன. பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் போய்க் காட்டிவிடுங்கள். ஒன்றுமில்லை என்றால் நிம்மதி. ஏதாவது இருந்தால் சீக்கிரம் தொடங்கிய பயிற்சி அவ்வளவு பலன் தரும்.

கிளம்பும்போது

திடீரென்று தூக்கினால் ஊரைக் கூட்டி அழும். "போகலாம்" என்பதற்குப் பதிலாக எண்ணிச் சொல்லுங்கள்: "இன்னும் மூணு தடவை சறுக்கு, அப்புறம் வீட்டுக்கு." ஒவ்வொரு தடவையும் விரலைக் காட்டி எண்ணுங்கள். மூன்று முடிந்ததும் நான்காவது கிடையாது. அழுதாலும் தூக்கிக்கொண்டு, திட்டாமல், கிளம்பிவிடுங்கள். அடுத்தடுத்து வரும் நாட்களில் அழுகை குறையும்.

மற்ற பிள்ளையின் சாமான் உங்கள் குழந்தையின் கையில் இறுகப் பிடிபட்டிருந்தால் விரலைப் பிரிக்காதீர்கள். "நீயே அண்ணாகிட்ட வை" என்று அழைத்துப்போய் அந்தப் பிள்ளையின் உள்ளங்கை அருகே கொண்டுபோனால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். விடவில்லை என்றால் வண்டிச் சாவியையோ தண்ணீர் பாட்டிலையோ நீட்டுங்கள்; இதை வாங்குவதற்காக அதை விடும். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவி, நகக்கண்ணில் இருக்கும் மண்ணையும் எடுத்துவிட்டு, அப்புறம் சாப்பாடு.